எதிர் நாற்காலி

2024 பிப்ரவரியில், சிங்கப்பூரைப் பிரதிநிதித்து ஆடிய எட்டு வயது அஷ்வத் கௌஷிக், சுவிட்சர்லாந்தின் புர்க்டோர்ஃப் நகரில் 37 வயது போலந்து கிராண்ட்மாஸ்டர் யாட்செக் ஸ்டோபாவைத் தோற்கடித்த செய்தி நினைவிருக்கிறதா? நிதானமாக யோசித்து ஆடும் கிளாசிக்கல் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டரை வென்ற ஆக இளையவர் என்ற சாதனை அன்று நம் பக்கம் வந்தது. எல்லாரையும்போல நானும் பையனைத்தான் கொண்டாடினேன். எதிர் நாற்காலியை நினைக்கவே இல்லை.

அங்கே உட்காருபவர் பாவம்தான். எலோ கணக்கைப் பாருங்கள். தன்னைவிட 400 புள்ளி குறைந்தவரோடு மோதும் கிராண்ட்மாஸ்டருக்கு, வென்றால் ஒரு புள்ளிகூட முழுசாகத் தேறாது. டிரா என்றால் நாலு புள்ளி போகும். தோற்றால் ஒன்பது!

போன வாரம் புளோக் கீழ்த்தளத்தில் அக்கா மகனோடு ஆடினேன். ஏழு வயது. காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரே குதிரையால் என் ராஜாவையும் ராணியையும் சேர்த்து மடக்கிவிட்டு, மைலோ உறிஞ்சிக்கொண்டிருந்தான். நேரலையில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

“டிரா வெச்சுக்கலாமாடா?”

“வேணாம் மாமா. உங்க டர்ன்.”