48க்கு 38

பரப்பளவையே ஓவியத்தின் பெறுமதியாகக் கொள்ளும் நோய் நம்மைப் பீடித்திருக்கிறது. 2006இல் டர்னர் பரிசு பெற்ற டோமா ஆப்ட்ஸின் அரூப ஓவியங்கள் 2018இல் லண்டன் சர்ப்பென்டைன் சாக்லர் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் ஓவியங்கள் பெரும்பாலும் 48க்கு 38 சென்டிமீட்டர்தான். முன்வரைவு ஏதுமின்றித் தொடங்கி, பூசி, மறைத்து, மீண்டும் பூசி முடிப்பவர் அவர். மறைக்கப்பட்ட கோடுகள் வண்ணத்தினடியில் தழும்புகளாய்ப் புடைத்து நிற்கின்றன. தள்ளி நின்றால் அவை புலப்படா. செல்பேசிப் படத்திலும் புலப்படா.

'இதில் என்ன இருக்கிறது?' என்று கடந்துபோகிறவர்களை நாம் திருப்பிக் கேட்போம்: அருகில் எத்தனை நிமிடம் நின்றீர்கள்? கைவிடப்பட்ட முடிவுகளும் தயக்கங்களும் அங்கே அப்படியே இருக்கின்றன. இல்லாதது நம் பொறுமை மட்டுமே. சிறியதைப் பார்க்க மறுக்கும் கண் பெரியதையும் பார்ப்பதில்லை. அண்ணாந்து நிற்கிறது, அவ்வளவே.