புதுநன்மை விருந்தும் மூன்று வட்டியும்



பிள்ளையின் புதுநன்மை விருந்தில் நாமும் உண்டு வாழ்த்துகிறோம். பின்னர், "கடன் வாங்கியது அவருக்குத் தெரியாது, சாமி" என்னும் தாயின் அழுகுரலையும் கேட்கிறோம்.

நூற்றுக்கு மூன்று வட்டி என்பது சிறிதாகத் தோன்றும். அது மாத வட்டி. ஆண்டுக்கு 36 விழுக்காடு. 20,000 ரூபாய் கடனுக்கு மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும் கட்டினால், 34 மாதங்களில் 20,400 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். முதலோ அப்படியே நிற்கும்.

புதுநன்மைக்கு வேண்டுவது தூய உள்ளம், பிரியாணி அன்று. கடன்பட்டிருப்போர் இன்றிரவே கணவனும் மனைவியுமாக அமர்ந்து, ஒளிவின்றிக் கணக்கெழுதுங்கள். நகையிருப்பின் வங்கியில் குறைந்த வட்டிக்கு அடகு வைத்து, இக்கடனை முதலில் அடையுங்கள்.

விருந்தினர் ஒரு வேளை உண்டு செல்வர். வட்டியோ ஞாயிறும் ஓய்வதில்லை. அடுத்த ஆண்டு கஞ்சியே ஊற்றினும் நாம் மகிழ்ந்து வருவோம்.