சத்தம் போட்ட வால்வும் சொல்லிப் பார்த்த பையனும்

புனே வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. "பேங்க்காரர்தானே, கணக்குப் பார்க்கக் கசக்குதா?" என்று போன வருஷம் எங்கள் குடியிருப்பின் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் பஞ்சாயத்தே நீச்சல் குளம்.

மோட்டார் ரூமில் ஜல்லியை மிக்ஸியில் போட்டு அரைக்கிற மாதிரி சத்தம். பக்கத்து வீட்டு மராத்தித் தாத்தாவுக்குத் தூக்கம் போச்சு. காண்டிராக்டர் வந்து இரண்டு நிமிஷம் எட்டிப் பார்த்தார். "பம்ப் காலி, புதுசு போடணும், உங்க ஆள் சரியா பார்த்துக்கலை" என்று 42 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார். குளம் பார்க்கும் லாத்தூர்ப் பையனை நிறுத்திவிடலாம் என்றுகூட கமிட்டியில் பேச்சு வந்தது.

நேரில் பார்க்காமல் கடன் கொடுத்துப் பழக்கம் இல்லையே! ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றேன். என் ஹிந்தி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பையன் சொன்னது புரிந்தது. "சாஹேப், மூணு மாசமா சொல்றேன். பம்ப் நல்லாத்தான் இருக்கு. வால்வு காத்து இழுக்குது."

குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் இடத்தில் குமிழ் குமிழாக வந்ததைக் காட்டினான். பம்புக்கு முன்னால் இருக்கும் வால்வின் தண்டு மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினான். சத்தம் சட்டென்று அடங்கியது! உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்கிறது. மோட்டார் ஓடும்போது அந்தப் பக்கம் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. புது வளையம் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவி, வடிகட்டிக் கூடையில் அடைத்திருந்த இலையை அள்ளினான். வாஸலின் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடுமாம். மொத்தச் செலவு ஐந்நூறுக்குள். அப்படியே விட்டிருந்தால் பம்ப் நிஜமாகவே போயிருக்கும். புது பம்ப் வாங்கியிருந்தாலும் அதே கதிதான்.

இன்னும் இரண்டு விஷயம் அவனிடம் கற்றேன். மோட்டார் நிற்கும்போது 'டம்' என்று அடித்தால் ஒருவழி வால்வைப் பாருங்கள். மணல் ஃபில்டர் மேல் இருக்கும் மல்டிபோர்ட் கைப்பிடியை மோட்டாரை நிறுத்தாமல் திருப்பவே கூடாது. உள்ளே கேஸ்கெட் கிழிந்தால் குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போகும். கோடையில் டேங்கருக்குக் காசு கொடுப்பவர்களுக்கு இதன் வலி தெரியும்.

என் கட்சி இதுதான். புதுசு வாங்க நம்மிடம் எப்போதும் பணம் இருக்கிறது, பராமரிக்கத்தான் இல்லை. வங்கியில் 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஆனால் முதல் தவணை தவறும்போதே போன் போடுவோம். இங்கே 90 நாள் ஒருத்தன் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. தினமும் அவனுக்கு ஒரு குட்மார்னிங் சொல்லிவிட்டுக் கடந்து போன நானும் அதில் சேர்த்தி.

இப்போது மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்குகிறது. அவன் எழுதுவதற்கு ஒரு வாரத்தில் கமிட்டி பதில் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் எந்த எஸ்டிமேட்டிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பிழைக்க வந்த ஊரில் நம் பேச்சு எடுபடாமல் போனால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? உங்கள் குடியிருப்பில் மோட்டார் சத்தம் போட்டால், காண்டிராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவனை ஒரு வார்த்தை கேளுங்கள்.