சத்தம் கூடினால் டீசல் குறையுமா?



கிண்ணியா, மூதூர், சீனக்குடா, கந்தளாய்ப் பக்கம் லொறியும் டிப்பரும் வைத்திருக்கும் காக்காமாருக்கும் தம்பிமாருக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். லோட் ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. கம்பெனி கொடுத்த எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு கூம்பு மாதிரி ஒரு பில்டரைப் போட்டு, சைலன்சரையும் எடுத்துவிட்டுப் பெரிய குழாய் அடித்தால் "இஞ்சின் நல்லா மூச்சு விடும், டீசல் மிச்சம்" என்கிறார்கள். லீசிங் கட்டி முடியாத லொறிக்கும் கடன்பட்டு இதைச் செய்கிறார்கள். எங்கள் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் வாப்பாமார் லொறி ஓட்டித்தான் வீட்டை நடத்துகிறார்கள். அதனால்தான் வாய் திறக்கிறோம். "சேர், வெண்கட்டி புடிக்கிற உங்களுக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்" என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. இதில் பாதி இஞ்சின் விசயம் என்றால் மீதி வெறும் கணக்குத்தான்.

டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 சீனக்குடாக் காட்டுக்குள் நிற்க, அதே ஊர் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் வந்தது, கோட்டா வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தச் சாமான்கள் விலைபோகின்றன.

இனி இஞ்சினுக்கு வருவோம். பெற்றோல் இஞ்சினில் காற்றை அடைத்துத் திறக்க ஒரு தகடு இருக்கிறது. அக்ஸிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். நம்முடைய லொறிகளின் டீசல் இஞ்சின் அப்படி இல்லை. அது எந்நேரமும் இழுக்கக்கூடிய அளவு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் மிதிப்பது டீசலின் அளவைத்தான். ஒரு கிராம் பெற்றோல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று கணக்கு. டீசல் இஞ்சினிலோ முழுப் பாரத்தோடு ஏற்றம் ஏறும்போதுகூட அதைவிடக் கூடுதலான காற்று உள்ளே இருக்கும். வெறும் வண்டியாக ஓடும்போது அது பல மடங்கு மிச்சம். தேவைக்கு மேல் காற்று இருக்கும் இடத்துக்கு இன்னும் காற்றைக் கொடுத்து எதை எரிக்கப் போகிறோம்?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் இதைச் சோதித்தது. கணினிக் கட்டுப்பாடுள்ள பெற்றோல் கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கார் வேகமெடுக்கச் சுணங்கியது. எரிபொருள் செலவில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. அடைத்த பில்டராலேயே செலவு கூடவில்லை என்றால், நல்ல பில்டரைக் கழற்றி இன்னொன்றைப் போடுவதால் எப்படிக் குறையும்? அந்த நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. மிகச் சிலதான் ஏதோ கொஞ்சம் பலன் தந்தன.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் ஓடும் பழைய கென்டர் போன்ற லொறிகளில் கணினி கிடையாது, பம்ப்தான். காற்று வந்தாலும் வராவிட்டாலும் மிதித்த அளவுக்கு அது டீசலை அடிக்கும். அப்படிப்பட்ட லொறியில் பில்டர் அடைத்துக் கிடந்தால் டீசல் கரும்புகையாகத்தான் போகும். சைலன்சர் நசுங்கியோ கரி அடைத்தோ இருந்தாலும் நட்டம். ஆனால் அதற்கு மருந்து புதுப் பில்டரும் சைலன்சர் திருத்தமும்தான். அந்தச் செலவு எங்கே, இந்தக் கிட்டின் விலை எங்கே!

அடுத்தது தூசி. எங்களைக் கேட்டால் இதுதான் பெரிய விசயம். சீமெந்து ஏற்றுகிறோம், மாவு ஏற்றுகிறோம், கங்கை மண் ஏற்றுகிறோம், கிரவல் ரோட்டில் ஓடுகிறோம். கச்சான் அடிக்கத் தொடங்கினால் முற்றத்தில் உடுப்புக் காயப்போட முடியாத ஊர் இது. அந்தக் கூம்புப் பில்டர்களில் பல, எண்ணெய் தடவிய பஞ்சுத் துணி. காற்றை இலேசாக விடும் துணி பொடித் தூசியையும் இலேசாக விடும். உள்ளே போகும் மணல் பொடி சிலிண்டரையும் ரிங்கையும் அராவும். ரிங் போனால் எண்ணெய் குடிக்கும், கொம்பிரஷன் இறங்கும், கடைசியில் டீசலும் கூடத்தான் செலவாகும். இன்னொன்று, கம்பெனிப் பெட்டிக்கு வரும் குழாய் கெபினுக்குப் பின்னால் உயரத்தில் நின்று குளிர்ந்த காற்றை எடுக்கிறது. கூம்பை இஞ்சின் பக்கத்தில் பூட்டினால் அது குடிப்பது இஞ்சின் சூட்டை.

பெரிய குழாயின் கதை வேறு. டர்போ உள்ள லொறியில், முழுப் பாரத்தில், அது கொஞ்சம் இழுவையைக் கூட்டலாம். ஆனால் இழுவையை உணரும்படி கூட்ட பாஸ் பம்பின் ஸ்குரூவையும் திருகுவார். அது டீசலைக் கூட்டும் திருகு. சத்தமும் சேர்ந்தால் தம்பிமாரின் கால் சும்மா இருக்குமா? பாடசாலைக்கு முன்னால் அப்படி ஒரு டிப்பர் போனால் சொல்லவந்த வசனத்தைப் பாதியில் விட்டுக் காத்திருக்கிறோம். புகைப் பரிசோதனையில் விழுந்தால் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

"இல்ல சேர், எனக்கு உண்மையாவே குறைஞ்சிருக்கு" என்கிறவர்களும் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கிட் பூட்டிய அன்றே கராஜில் வேறு என்னென்ன செய்தார்கள்? நொசில் கழுவினார்களா, டெப்பட் சரிசெய்தார்களா, எண்ணெய் மாற்றினார்களா, டயருக்குக் காற்று அடித்தார்களா? அதற்குப் பிறகு போன பயணம் சீமெந்தோடா, வெறும் வண்டியா? காசு கொடுத்தவன் கால் முதல் இரண்டு கிழமை மெதுவாகத்தான் மிதிக்கும், அது மனித இயல்பு.

கணக்கையும் பார்ப்போம். திருகோணமலையிலிருந்து கொழும்பு போய்வர சுமார் 520 கிலோமீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் என்றால் 87 லீற்றர் அளவில் போகும். இலகுவுக்காக டீசல் 300 ரூபா என்று வைத்தால் ஒரு பயணத்துக்கு 26,000 ரூபா. கிட் 90,000 ரூபா என்று வையுங்கள். விற்பவர் சொல்வதுபோல் 10 வீதம் மிச்சமானால் 35 பயணத்தில் காசு திரும்பும். 2 வீதம் என்றால் 173 பயணம். ஒன்றுமே மிச்சமில்லை என்றால் கணக்கே தேவையில்லை.

காசில்லாமல் மிச்சம் பிடிக்கும் வழி வேகத்தில் இருக்கிறது. ஹபரணைக் காட்டுப் பாதையில் 80இல் போகும் லொறியைக் காற்று எதிர்க்கும் விசை, 60இல் போகும்போது இருப்பதைவிட ஏறக்குறைய 78 வீதம் கூட. லோட் ஏற்றும் வரிசையில் இஞ்சினை உறுமவிட்டு நிற்பதும் அப்படித்தான். சின்ன லொறியே மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும், ஓடிய தூரம் பூச்சியம். டயர் காற்றைக் கிழமைக்கு ஒருதரம் பாருங்கள், மனக்கணக்கில் அல்ல, கேஜ் வைத்து.

ஏற்கனவே பூட்டியவர்கள் பழைய பெட்டியையும் சைலன்சரையும் இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். ஒரே பெற்றோல் செட்டில் தாங்கி நிரம்ப அடித்து மீற்றரை எழுதுங்கள். அடுத்த தடவை நிரம்ப அடிக்கும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, என்ன பாரம் என்று கொப்பியில் குறியுங்கள். கிட்டோடு ஐந்து பயணம், பழையதைப் பூட்டி ஐந்து பயணம், அதே ரோடு, அதே டிரைவர். கணக்குப் பார்க்க நேரமில்லை என்றால் கொப்பியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது வீட்டுவேலை. எந்தப் பக்கம் முடிவு வந்தாலும், பெயரில்லாமல் அந்த எண்களை இங்கேயே போடுகிறோம்.