நடுக்கடலின் அபயக் குரல் கரைக்குக் கேட்க வேண்டும்!

2017 நவம்பர் 30-ம் தேதி குமரிக் கடலை ஒக்கிப் புயல் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கிராமங்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர், எச்சரிக்கை வருமுன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே செல்போன் பேசாது. படகிலுள்ள வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. “எங்கள் மக்களைத் தேடுங்கள்” என்று சர்க்காரைக் கேட்பதற்கே, டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார வேண்டியதாயிற்று!

கடல் மட்டுமா குற்றவாளி? இல்லை. நடுக்கடலின் கூக்குரலைக் கேட்கும் வழியை விஞ்ஞானம் முன்பே கண்டுவிட்டது. சோவியத் யூனியன், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நான்கும் கூடி அமைத்த ஏற்பாட்டின் முதல் செயற்கைக் கோளை 1982 ஜூனில் சோவியத் யூனியன் ஏவியது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூவர் உயிர் பிழைக்க அது வழிகாட்டியது. இன்று இந்தியக் கடலில் எழும் அபாய சமிக்ஞை பெங்களூர் நிலையத்துக்கு வந்து, கடலோரக் காவல் படைக்குப் போகிறது.

ஆனால் விற்கிற கருவியெல்லாம் நம்பத்தக்கதல்ல. 406 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவியே வேண்டும். 121.5-ல் மட்டும் பேசும் பழைய கருவியைச் செயற்கைக் கோள்கள் 2009 பிப்ரவரியோடு கேட்பதை நிறுத்திவிட்டன. படகு மூழ்கினால் தானே கழன்று மிதக்க வேண்டும். 48 மணி நேரமாவது பாட்டரி தாங்க வேண்டும். இருக்கும் இடத்தைத் தானே சொல்ல வேண்டும். படகின் பெயரும் கரையிலுள்ளவர் தொலைபேசி எண்ணும் பதிவாகியிருக்க வேண்டும்; இல்லையேல் யாருடைய படகு என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். பாட்டரியின் கெடு தேதியைப் பார்ப்பதும் அவசியம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைக் கருவி, “உன் குரல் கிடைத்தது” என்று பதிலும் அனுப்புகிறது. தத்தளிப்பவனுக்கு அந்தப் பதில் பாதி உயிர்!

செலவு யாருடையது? விசைப் படகு முதலாளி, டீசலோடு சேர்த்து இதையும் பொதுச் செலவில் எழுதித் தொழிலாளியின் பங்கில் கழிப்பதை அனுமதிக்க முடியாது. 1 லட்சம் படகுகளில் செய்திக் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024-ல் மத்திய சர்க்கார் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் திட்டம் காகிதத்தில் மிதந்தால் போதாது. கடைசி ஃபைபர் வள்ளம் வரை கருவி ஏற வேண்டும். அதை இயக்கத் தொழிலாளிக்குப் பயிற்சி வேண்டும். குரல் கேட்ட மறுகணமே, கடலறிந்த மீனவரையும் ஏற்றிக்கொண்டு மீட்புக் கப்பல் புறப்பட வேண்டும். கேட்டும் அசையாத சர்க்காரிடம் எந்தக் கருவியும் பயன்படாது.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! ஓடும் யந்திரத்துக்குத் தடுப்பு வேண்டுமென்று போராடியவர்கள் நாம். பாம்புக்கடிக்கு மருந்தில்லாத ஆஸ்பத்திரி முன் நின்று கேட்டவர்கள் நாம். கடல் தொழிலாளியின் உயிரும் அதே உயிர்தான். உங்கள் சங்கக் கூட்டங்களில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். இன்னொரு புயல் வருமுன் கரை விழித்துக் கொள்ளட்டும்!