ஓரெழுத்தின் பொருட்டு எழுந்த வழக்கு

ஓரெழுத்து மாறினால் பொருள் முற்றும் மாறிவிடும் என்பதை நம் மலைநாட்டுத் தமிழாசிரியர் எவரும் மாணவர்க்கு எடுத்துரைக்காது விடுவதில்லை. கொழுந்து வளரும் 'மலை' வேறு. கொழுந்துக்கு உயிரூட்டும் 'மழை' வேறு. நாவின் நெகிழ்ச்சி சிறிது. பொருளின் மாற்றமோ பெரிது. கிரேக்க மொழியிலும் இவ்வாறு ஓரெழுத்தால் வேறுபட்ட இரு சொற்கள் உண்டு. அவற்றுள் எது மெய்யைச் சொல்வது என்னும் வழக்கு, நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசையே கலக்கியது. அவ்வழக்கின் தீர்ப்பு, பதுளைப் பேராலயத்திலும், பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டப்புறங்களின் சிற்றாலயங்களிலும் ஓதப்பெறும் நம்பிக்கை அறிக்கையுள் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இந்துவாகிய நாம் இதனை எழுதுவானேன் என வாசகர் வினவலாம். நம் பாடசாலைகளில் சமய பாடவேளை வந்ததும் வகுப்பு இரண்டாய், மூன்றாய்ப் பிரிகின்றது. சைவநெறி கற்போர் ஓரிடத்திலும், கத்தோலிக்கத் திருமறை கற்போர் மற்றோரிடத்திலும், ஏனைக் கிறிஸ்தவர் வேறோரிடத்திலும் அமர்கின்றனர். மணி அடித்ததும் மீண்டும் ஒரே வாங்கில் வந்து கூடுகின்றனர். ஒரே லயத்தில், ஒரு சுவரின் இருபுறமும் வாழும் பிள்ளைகள் அவர்கள். ஆயினும் அடுத்த அறையில் யாது கற்பிக்கப்பட்டது என்பதை ஒருவரும் அறியார்.

அவ்வறியாமையை மூடிக்கொள்ள நமக்கு எளிய சொல்லொன்று வாய்த்திருக்கின்றது: 'எல்லாம் ஒன்றுதானே!' இயேசுவும் ஓர் அவதாரந்தானே என்று இந்துச் சிறுவன் அன்போடு சொல்கின்றான். கிறிஸ்தவத் தோழன் மறுக்கவும் மாட்டாமல், உடன்படவும் மாட்டாமல் தயங்குகின்றான். அத்தயக்கத்தின் பின்னே பதினேழு நூற்றாண்டு வரலாறு இருக்கின்றது. அதனை அறிந்துகொள்வது நம் கடமையென்று கருதுகின்றோம்.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு ஒருவர் இருந்தார். (இது ஒருவரது இயற்பெயர், ஆரியர் என்னும் சொல்லோடு இதற்கு எத்தொடர்பும் இல்லை.) கடவுள் ஒருவரே; அவர் தோற்றமில்லாதவர்; ஆதலால் மைந்தர் எனப்படும் கிறிஸ்து தோற்றமுடையவராகவே இருத்தல் வேண்டும்; அவர் படைப்புகளுள் தலைசிறந்தவர், எனினும் படைப்பே என்பது அவர் போதனை. கல்லாத மக்களும் கற்றுக்கொள்ளும் வண்ணம் அதனை அவர் பாட்டாகவும் கட்டினார்.

ஆரியுஸைக் கொடியவர் எனக் கொள்ளல் தகாது. கடவுளின் ஒருமையைக் காத்தல் வேண்டும் என்னும் கவலையே அவரைச் செலுத்தியது. சொல்லப்போனால், இந்துவின் காதுக்கு அவர் கூற்று இசைவாகவே படும். 'கடவுளுக்கு அடுத்த நிலையில் உள்ள ஒரு பெருந்தெய்வம்' என்று கூறிவிட்டால் நமக்குச் சிக்கல் யாதுமில்லை. கிறிஸ்தவர்க்கே அது பெருஞ்சிக்கலாயிற்று.

பேரரசன் கொன்ஸ்தந்தீன் கி.பி. 325 ஆம் ஆண்டில் ஆயர்களை நீசேயா நகருக்கு அழைத்தான். அந்நகர் இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என வழங்குகின்றது. அதன் 1700 ஆவது ஆண்டு நிறைவு 2025 இல் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. மைந்தர் தந்தையோடு 'ஒரே பொருள்' என அச்சங்கம் அறுதியிட்டது. கிரேக்கத்தில் அச்சொல் 'ஹோமோஊசியோஸ்' என்பது. சில பத்தாண்டுகள் கழித்து இணக்கம் நாடியோர் சிலர், 'ஒத்த பொருள்' எனப்படும் 'ஹோமொய்ஊசியோஸ்' என்னும் சொல்லை முன்வைத்தனர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 'இயோட்டா' என்னும் ஓரெழுத்து. அந்நெடுங்கணக்கிலேயே மிகச் சிறியது. உலகம் இதற்காகவா போரிட்டது என்று ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் எள்ளி நகையாடினார்.

நாம் நகைப்பதற்கில்லை. 'அத்துவிதம்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'அ' என்ற ஓரெழுத்துக்குப் பொருள் இன்மையா, மறுதலையா, அன்மையா என்று நம் சமயவாதிகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். இன்மை எனின் இரண்டாவது பொருளே இல்லை என்றாகும். அன்மை எனின் இறைவனும் உயிரும் இரண்டாய்ப் பிரிந்து நிற்பன அல்ல என்றாகும். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள் அன்மைப் பொருளையே கொண்டனர். அந்த ஓரெழுத்தைப் பொறுத்தே உயிர் என்பது உண்டா, அதற்கு வீடுபேறு என்பது யாது என்பன நிற்கின்றன. எழுத்து சிறிதாயினும் அதன்மேல் ஏற்றப்பட்ட பாரம் சிறிதன்று.

கிரேக்க எழுத்தின்மேல் ஏற்றப்பட்ட பாரம் யாது? அதனை விளக்கியவர் அத்தனாசியுஸ். நீசேயாவுக்குத் திருத்தொண்டராகச் சென்று, 328 இல் அலெக்சாந்திரியாவின் ஆயரானவர். கிறிஸ்து படைப்பே எனின், அவரை வணங்குவோர் படைப்பை வணங்குவோர் ஆவர் என்றார் அவர். அன்றியும், தானே படைப்பாய் உள்ள ஒன்று ஏனைப் படைப்புகளைக் கடவுளோடு கூட்டிவைத்தல் இயலாது என்றார்.

இதனைத் தோட்டப்புறத்து முதியோர்க்கு எளிதில் விளங்க வைக்கலாம். பழைய துண்டு முறையை அவர்கள் தம் முன்னோர் வாயிலாகக் கேட்டிருப்பர். தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அக்கடனை மற்றொரு தோட்டம் தீர்த்தாலன்றி அவனை விடுவிக்காத வழக்கம் அது. 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்நாளில் ஒரு கடனாளி மற்றொரு கடனாளியை மீட்க முடிந்ததா? பேரேட்டில் தன் பெயரும் உள்ளவன் பிறர் பெயரை அடிக்க இயலாது. கிறிஸ்துவின் பெயர் அப்பேரேட்டில் உளதா, இலதா என்பதே அன்றைய வினா. அத்தனாசியுஸ் இதன் பொருட்டு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் மக்களைப் பிரிந்து வாழ்ந்தார்.

இவ்வழக்கு அறிஞர் மன்றத்தோடு நில்லாமல் மக்கள் வழிபாட்டிலும் புகுந்தது. 'மைந்தர் வழியாக, ஆவியில், தந்தைக்குப் புகழ்' என ஓதுவது ஒரு முறை. மூவரையும் ஒருங்கு வைத்து ஓதுவது மற்றொரு முறை. பின்னதைக் கையாண்டமைக்காகச் செசரியா நகர் ஆயர் பசிலியார் குறை கூறப்பட்டார். தம் நிலைக்குச் சான்று காட்டி ஒரு நூலே எழுதினார். தமிழ் மாணவர் இவ்விடத்தில் இலக்கணத்தை நினைவுகூர்க. செபமாலை உருட்டும் தோட்டத்துப் பாட்டி ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் தந்தைக்கும், மைந்தனுக்கும், ஆவிக்கும் புகழ் சொல்கின்றாள். மூன்றிடத்தும் நிற்கும் 'உம்' எண்ணும்மை. மேல் கீழ் என்னாது ஒருநிகராக எண்ணுவது அதன் இயல்பு. பாட்டி நீசேயாவின் பெயரையே கேட்டிராள். ஆயினும் நீசேயாவின் தீர்ப்பு அவள் நாவில் 'உம்' என்று ஒலிக்கின்றது.

மறுபுறத்துத் தவறும் உண்டு எனத் திருச்சபை கண்டது. கிறிஸ்து மெய்யாகவே கடவுள். ஆகவே அவர் உடல் வெறுந்தோற்றம் என்று தொடக்க நூற்றாண்டுகளிலேயே சிலர் கூறினர். உடல் மெய்யே, ஆனால் மனித மனம் அவருக்கு இல்லை என்றார் அப்பொலினாரிஸ் என்பார். இவையும் மறுக்கப்பட்டன. இங்கேதான் நம் சிறுவன் சொன்ன 'அவதாரம்' இடறுகின்றது. இறைவன் குருவாக எழுந்தருளுவதை மானிடச் சட்டை சாத்தி வருதல் என நம் சைவப் பெரியோர் உருவகித்தனர். சட்டையைக் கழற்றலாம், சட்டைக்கு வலி இல்லை. கிறிஸ்தவர் கூறுவதோ சட்டை அன்று. பசித்து, அழுது, குருதி சிந்தி இறந்த முழு மனிதர் அவர். அவரே முழுக் கடவுள் என்பது அவர்கள் கொள்கை. மேலும் அவ்வாறு நிகழ்ந்தது ஒரே முறை என்பது அவர்கள் துணிபு. அவதாரம் பல என்பது வைணவம். பதி கருவில் வந்து பிறப்பதில்லை என்பது சைவ சித்தாந்தம். ஆக மூன்றும் மூன்று கொள்கைகள்.

இவ்வழக்கின் ஒரு கிளை நம் தீவுக்கே வந்து சேர்ந்தது. கொன்ஸ்தாந்திநோபிள் நகரின் தலைமை ஆயர் நெஸ்தோரியுஸ், மரியாளைக் 'கடவுளின் தாய்' என்பதினும் 'கிறிஸ்துவின் தாய்' என்பதே தக்கது என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் அதனை எதிர்த்தார். பிறந்த குழந்தை கடவுளே எனின் அவள் கடவுளின் தாயே என்பது அவர் வாதம். 431 இல் எபேசு நகரில் கூடிய சங்கம் நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கியது. இன்று நம் தோட்டங்களில் கத்தோலிக்கர் வாயார வழங்கும் 'தேவமாதா' என்னும் பெயர் அந்த எபேசு வழக்கில் வென்ற சொல்லே.

பாரசீகத்துத் திருச்சபை எபேசுவின் தீர்ப்பை ஏற்காது தனித்து நின்றது. பிறர் அதனை நெஸ்தோரியச் சபை என்றனர். அச்சபையார் அப்பெயரை விரும்பிலர். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் எழுதிய நூலில், இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்க்கு ஒரு கோவிலும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஒரு குருவும் இருந்தமை கூறப்பட்டுள்ளது. 1912 இல் அனுராதபுரத்து அகழ்வில் கருங்கல் தூணொன்றில் செதுக்கப்பட்ட சிலுவை கிடைத்தது. படிகளையுடைய பீடத்தின்மேல் நிற்கும் அச்சிலுவையைப் பாரசீகக் கிறிஸ்தவரோடு தொடர்புபடுத்துவோர் பலர். போர்த்துக்கேயர் கரையிறங்கு முன்னரே, எபேசுவில் தோற்ற கட்சியாரின் வழிபாடு நம் மண்ணில் நடந்தது என்பது எத்துணை வியப்பு!

தோற்றவர்க்கு நேர்ந்தது வியப்பன்று, வருத்தம். ஆரியுஸின் நூல்களை எரிக்க அரசாணை பிறந்தது. நெஸ்தோரியுஸ் எகிப்துக்கு நாடு கடத்தப்பட்டார். 1599 இல் கேரளத்து உதயம்பேரூரில் போர்த்துக்கேயப் பேராயர் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவரின் சிரிய மொழி நூல்கள் பலவற்றை நெஸ்தோரியத் தவறு மலிந்தவை என்று நெருப்புக்கு இரையாக்கிற்று. பின்னர் 1994 நவம்பர் 11 ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் கிழக்குத் திருச்சபைத் தலைவர் மார் தின்காவும் கூட்டறிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டனர். ஒரே நம்பிக்கையையே இரு சாராரும் இருவேறு சொல்லால் கூறிவந்தனர் என்பதை அவ்வறிக்கை ஏற்றது. 431 இல் முறிந்தது 1994 இல் ஒட்டத் தொடங்கிற்று. எரிந்த ஏடுகள் மட்டும் மீளவில்லை.

நம் காலத்து இலங்கையும் இவ்வழக்கைக் கண்டதுண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990 இல் மரியாளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டையும் அந்நூல் தளர்த்துகின்றது என உரோமை குற்றம் சாட்டியது. 1997 ஜனவரியில் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டு அத்தீர்ப்பு நீங்கியது. இம்முறை நெருப்பும் இல்லை, நாடு கடத்தலும் இல்லை. சபையார் தம் கொள்கையைக் காப்பது அவர் உரிமை. அதனைச் சொல்லால் காத்தனர் என்பதில் நமக்கும் ஆறுதல் உண்டு.

ஆரியுஸின் எண்ணமும் மாய்ந்துவிடவில்லை. கிறிஸ்து கடவுளின் முதற்படைப்பு என நம்பும் யெகோவாவின் சாட்சிகள் நம் நாட்டிலும் உள்ளனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு சபையும் தம்பி மற்றொரு சபையுமாகப் பிரியும்போது, அப்பிணக்கின் வேர் யாதென அயலார்க்குத் தெரிவதில்லை. 'வேதக்காரர் சண்டை' என்று கூறி அகல்கின்றோம்.

மாணவர்காள்! அயலவன் கொள்கையை ஏற்றுக்கொள்ளல் வேறு, அறிந்துகொள்ளல் வேறு. ஏற்காமலே அறியலாம்; அறியாமல் மதிக்க இயலாது. 'எல்லாம் ஒன்று' என்னும் சொல் நட்புப்போலத் தோன்றினும், நண்பன் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றை நாம் செவிமடுக்கவேயில்லை என்பதற்கு அதுவே சான்றாகிவிடுதல் கூடும். அடுத்த சமய பாடவேளை முடிந்து வகுப்பு மீண்டும் கூடும்போது, அருகிலிருக்கும் தோழனிடம், 'இன்று உங்களுக்கு என்ன பாடம்?' என்று கேளுங்கள். அவன் கேட்டால் நீங்களும் கூறுங்கள். கூறுவதற்கேனும் நம் சமயத்தை நாம் கற்றிருத்தல் வேண்டும் அன்றோ?