அனுமதிப்பத்திரம் முன், திறப்பு பின்!

வாகன இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ திணிக்கப்பட்டபோது, 1958இல் அதனை எதிர்த்துச் சிறையும் சென்றனர் எம் தலைவர்கள். இன்று சாரதிக்கான எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். மொழி தெரியாதெனச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆயினும் இணுவிலிலே நாம் காண்பது யாது? 16 வயதுப் பாலகன் காங்கேசன்துறை வீதியிலே மோட்டார்ச் சைக்கிளிற் பறக்கின்றான். புகையிலை விற்ற பணத்தில் அதனை வாங்கிக் கொடுத்த தந்தையோ பெருமிதங் கொள்கின்றார்! அனுமதிப்பத்திரம் இல்லாதவனை ஓட்ட விடுபவரும் குற்றவாளியே என்கின்றது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்.

பெற்றோரே! பயிலுநர் அனுமதி பெற்று முறையாகப் பழகட்டும், 18 வயது நிரம்பட்டும், பரீட்சையில் தேறட்டும். அதன் பின்னர் திறப்பைக் கொடுங்கள். போராடிப் பெற்ற உரிமையை அனுபவிக்க எம் பிள்ளைகள் உயிரோடு இருக்கவேண்டும்!